வன்பொருளைத் தெரிவு செய்தல்: குறைந்த செலவில் ஒரு விமானப் பறப்புக் கணினி



கணினியின் பாகங்களின் பெயர்களை நீங்கள் மனனம் செய்துள்ளீர்கள். ஆனால் கையில் பணத்துடன் ஒரு கடையில் நிற்கும்போது எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவிடுவது என்று சொல்ல முடியுமா? பரீட்சையில் கட்டமைப்பு வினாக்கள் எதிர்பார்ப்பதும் இந்த அறிவைத்தான்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற நமது ஊர்களில் பல வீடுகளுக்குக் கணினி வருவது வாப்பாவோ காக்காவோ வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் பணத்தில், அல்லது உம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில். பிழையான பாகத்தை வாங்கிவிட்டால் அடுத்த மாதமே இன்னொன்று வாங்க முடியாது. எனவே ஓர் உதாரணத்தைக் கொண்டு இவ்வலகை விளங்கிக்கொள்வோம். கடைகளில் ‘ஃபிளைட் சிமியுலேட்டர்’ எனப்படும் விமானப் பறப்புப் பாவனை விளையாட்டே அந்த உதாரணம். அதை ஓட்டக்கூடிய கணினி உங்கள் பாட வேலைகள் அனைத்துக்கும் தாராளமாகப் போதும்.

1. முதலில் மென்பொருள், பின்னர் வன்பொருள்

பயன்படுத்தப் போகும் மென்பொருளைத் தீர்மானித்த பின்னரே பாகங்களைத் தெரிவு செய்ய வேண்டும். நான்கு மென்பொருள்களின் தேவைகளை ஒப்பிடுவோம்.

• ஃபிளைட்கியர்: 1997 இல் முதன்முதலில் வெளியானது. திறந்த மூல மென்பொருள், இலவசம். வின்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும்.

• மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமியுலேட்டர் எக்ஸ் (2006): ஆகக் குறைந்த தேவை 1 கிகாஹேட்சு முறைவழியாக்கி, வின்டோஸ் எக்ஸ்பீயில் 256 மெகாபைற்று நினைவகம், 14 கிகாபைற்று வன்தட்டு இடம்.

• அதன் 2020 ஆம் ஆண்டுப் பதிப்பு: ஆகக் குறைந்தது 8 கிகாபைற்று நினைவகம், 2 கிகாபைற்று நினைவகமுள்ள வரைவியல் அட்டை, 150 கிகாபைற்று இடம், செக்கனுக்கு 5 மெகாபிற்று இணைய வேகம்.

• அதன் 2024 ஆம் ஆண்டுப் பதிப்பு: ஆகக் குறைந்தது 16 கிகாபைற்று நினைவகம், 50 கிகாபைற்று இடம், செக்கனுக்கு 10 மெகாபிற்று இணைய வேகம்.

2024 பதிப்புக்கு வன்தட்டு இடம் குறைவாகத் தேவைப்படுவது ஏன்? நிலக்காட்சிகளின் பெரும்பகுதியை அது பறக்கும்போதே இணையத்திலிருந்து பெறுகின்றது. கைத்தொலைபேசி டேட்டாவில் வாழும் வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது. செலவைக் குறைக்க விரும்புபவர் ஃபிளைட்கியருடன் தொடங்குவதே சிறந்தது. அதில் செஸ்னா 172 என்னும் சிறிய விமானத்தை மட்டக்களப்பிலிருந்து கிளப்பித் தெற்கே கரையோரமாகச் செலுத்தினால், சுமார் 40 கிலோமீற்றரில் கல்முனை வந்துவிடும். உங்கள் வீட்டுக் கூரை தெரியாவிட்டாலும் கடற்கரைக் கோட்டை அடையாளம் காணலாம்.

2. முறைவழியாக்கி

விமானத்தின் மீது செயற்படும் உயர்த்துவிசை, காற்றுத் தடை, காற்றின் வேகம், எஞ்சினின் வலு யாவற்றையும் முறைவழியாக்கி ஒவ்வொரு செக்கனும் பல தடவைகள் கணிக்கின்றது. அதன்பின் வரைவியல் அட்டை படத்தை வரைகின்றது. திரையில் தோன்றும் ஒவ்வொரு படமும் ஒரு சட்டகம் எனப்படும். பறப்பு விளையாட்டுக்குச் செக்கனுக்கு 30 சட்டகங்கள் போதுமானவை.

ஒரு கணிப்பைப் பார்ப்போம். ஒரு சட்டகத்துக்கு முறைவழியாக்கி 40 மில்லிசெக்கனும் வரைவியல் அட்டை 20 மில்லிசெக்கனும் எடுக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் மெதுவானதே வேகத்தைத் தீர்மானிக்கும்.

1000 ÷ 40 = செக்கனுக்கு 25 சட்டகங்கள்

இப்போது இரு மடங்கு வேகமான வரைவியல் அட்டையை வாங்கிப் பூட்டினால் என்ன நடக்கும்? அட்டைக்கு 10 மில்லிசெக்கன் போதும். ஆனால் முறைவழியாக்கிக்கு இன்னும் 40 மில்லிசெக்கன் வேண்டும். சட்டக வீதம் அதே 25 தான். பணம் வீண். பலரும் விடும் பிழை இதுவே.

பறப்பு விளையாட்டுகளில், குறிப்பாகப் பழையவற்றில், பெரும்பாலான கணிப்பு ஒரே கருவில் நடைபெறும். எனவே ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரண்டில், 2.0 கிகாஹேட்சு வேகமுள்ள எட்டுக் கருக்களைவிட 3.6 கிகாஹேட்சு வேகமுள்ள நான்கு கருக்கள் நல்ல பலன் தரும். ஆனால் வேறுபட்ட தலைமுறைகளைக் கிகாஹேட்சினால் மட்டும் ஒப்பிட வேண்டாம். 3.0 கிகாஹேட்சு பென்டியம் 4 ஐ விட, 2.8 கிகாஹேட்சு அடிப்படை வேகமுள்ள இன்டெல் கோர் ஐ5-8400 பன்மடங்கு வேகமானது.

3. வரைவியல்

சில முறைவழியாக்கிகளுக்குள்ளேயே வரைவியல் பகுதி அடங்கியுள்ளது. 2021 இல் வெளியான ஏஎம்டி ரைசன் 5 5600ஜீ இதற்கு உதாரணம். அதில் 6 கருக்கள் உள்ளன. வலுத் தேவை 65 வாற்று. இத்தகைய ஒன்றை வாங்கினால் முதலில் வரைவியல் அட்டையில்லாமலே ஃபிளைட்கியரை ஓட்டலாம். பணம் சேர்ந்த பின்னர் அட்டையைச் சேர்க்கலாம்.

அட்டை வாங்கும்போது அதன் வலுத் தேவையைக் கவனிக்குக. தாய்ப்பலகையின் விரிவாக்கச் செருகுவாய் ஆகக் கூடியது 75 வாற்றே வழங்கும். அதற்கு மேற்பட்ட அட்டைக்கு வலு வழங்கியிலிருந்து தனி வடம் தேவை. பழைய அலுவலகக் கணினிகளை வாங்கி அட்டை பூட்ட நினைப்பவர்கள் இதை மறப்பதுண்டு. அவற்றின் மெல்லிய பெட்டிக்குள் முழு உயர அட்டை நுழையாது. சிறிய வலு வழங்கியில் தனி வடமும் இராது.

4. நினைவகம்

இன்றைய நிலையில் 16 கிகாபைற்று நல்ல அளவு. அதை ஒரே துண்டாக வாங்காமல் 8 கிகாபைற்றுத் துண்டுகள் இரண்டாக வாங்குக. அப்போது இரு வழிகளில் தரவு ஒரே நேரத்தில் செல்லும். உள்ளிணைந்த வரைவியல் பகுதி பிரதான நினைவகத்தையே கடன் வாங்குவதால், அதற்கு இது பெரிதும் உதவும்.

நினைவகத்தைக் கூட்டினால் எப்போதும் வேகம் கூடுமா? இல்லை. ஃபிளைட் சிமியுலேட்டர் எக்ஸ் ஒரு 32 பிற்று மென்பொருள். 32 பிற்றுகளால் குறிக்கக்கூடிய முகவரிகள் 2³², அதாவது 4 கிகாபைற்று. நீங்கள் 32 கிகாபைற்றுப் பொருத்தினாலும் அம்மென்பொருளால் 4 ஐத் தாண்ட முடியாது.

5. தேக்ககம்

திண்மநிலைத் தேக்ககத்தில் சுழலும் தட்டு இல்லை. எனவே நிலக்காட்சிகள் விரைவாக ஏற்றப்படும். ஆயினும் சட்டக வீதம் அதனால் பெரிதாகக் கூடாது. இயக்க முறைமைக்கும் விளையாட்டுக்கும் திண்மநிலைத் தேக்ககம், குறிப்புகளுக்கும் காணொளிகளுக்கும் பழைய வன்தட்டு எனப் பிரித்துக்கொள்வது சிக்கனம்.

6. ஒன்றோடொன்று பொருந்துமா?

• டிடிஆர்3 நினைவகத்துக்கு 240 ஊசிகள். டிடிஆர்4 இற்கு 288. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

• ஊசிகள் பொருந்தினாலும் இயங்காத சந்தர்ப்பமும் உண்டு. ஆறாம் தலைமுறை இன்டெலுக்கும் எட்டாம் தலைமுறைக்கும் தாங்குகுழி 1151 ஊசிகளையே கொண்டது. ஆனால் ஆறாம் தலைமுறைக்கான தாய்ப்பலகையில் ஐ5-8400 இயங்காது. தாய்ப்பலகைத் தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலைப் பார்த்தே வாங்குக.

• வின்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. வின்டோஸ் 11 இற்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அதிலும் பழைய கணினிக்கு லினக்ஸ் நல்ல மாற்று வழி.

7. வலுவும் நமது கடற்கரையும்

முறைவழியாக்கி 65, வரைவியல் அட்டை 75, தாய்ப்பலகை 30, ஏனையவை 20 வாற்று எனக் கொள்வோம். மொத்தம் 190 வாற்று. சுமையின் ஏறத்தாழ இரு மடங்கு கொள்ளளவுள்ள வலு வழங்கி பாதுகாப்பானது; அதாவது 400 வாற்று. பெயர் தெரியாத மலிவான வலு வழங்கி பழுதடைந்தால் ஏனைய பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். சிக்கனம் செய்யக்கூடாத இடம் இதுவே.

2022 இன் நீண்ட மின்வெட்டுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தடையில்லா வலு வழங்கி விளையாட்டைத் தொடர்வதற்கானதன்று. கோப்பைச் சேமித்துக் கணினியை முறையாக நிறுத்தச் சில நிமிடங்கள் தருவதற்கானது.

கடற்காற்றின் உப்பும் ஈரமும் உலோகத் தொடுகைகளை அரிக்கும். கணினியைக் கடல் பக்க யன்னலருகே வைக்க வேண்டாம். நிலத்தில் வைத்தால் மணலும் தூசும் விசிறிக்குள் போகும். வெப்பம் மிகுந்தால் முறைவழியாக்கி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

நினைவிற் கொள்க

• மென்பொருளைத் தீர்மானித்துப் பின்னர் வன்பொருளைத் தெரிவு செய்க.
• மெதுவான பாகமே முழுக் கணினியின் வேகத்தைத் தீர்மானிக்கும்.
• பறப்பு விளையாட்டுக்கு முறைவழியாக்கியே முதன்மையானது.
• பழைய பாகத்தைக் கடையிலேயே அரைமணி நேரம் இயக்கிப் பார்க்குக. உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குக.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு சட்டகத்துக்கு முறைவழியாக்கி 25 மில்லிசெக்கனும் வரைவியல் அட்டை 50 மில்லிசெக்கனும் எடுக்கின்றன. (அ) சட்டக வீதம் யாது? (ஆ) எப்பாகத்தை மாற்ற வேண்டும்?

2. செக்கனுக்கு 10 மெகாபிற்று வேகத்தில் 150 கிகாபைற்று விளையாட்டொன்றைப் பதிவிறக்க எவ்வளவு நேரம் செல்லும்? (1 கிகாபைற்று = 1000 மெகாபைற்று எனக் கொள்க.)

3. ஒரு மாணவி தனது 32 பிற்று விளையாட்டு மெதுவாக இயங்குவதால் நினைவகத்தை 8 இலிருந்து 16 கிகாபைற்றாகக் கூட்ட விரும்புகிறார். உமது ஆலோசனை யாது? காரணம் தருக.

விடைகள்

1. (அ) 1000 ÷ 50 = செக்கனுக்கு 20 சட்டகங்கள். (ஆ) வரைவியல் அட்டை. இங்கு மெதுவான பாகம் அதுவே.

2. 150 × 1000 × 8 = 1,200,000 மெகாபிற்று. 1,200,000 ÷ 10 = 120,000 செக்கன். அதாவது 33 மணித்தியாலம் 20 நிமிடம். பைற்றை 8 ஆல் பெருக்கிப் பிற்றாக மாற்ற மறந்தால் புள்ளிகளை இழப்பீர்கள்.

3. கூட்டுவதால் அவ்விளையாட்டின் வேகம் கூடாது. 32 பிற்று மென்பொருளால் 4 கிகாபைற்றுக்கு மேல் பயன்படுத்த முடியாது. அப்பணத்தைச் சேமித்து வைத்து, கருவொன்றின் வேகம் கூடிய முறைவழியாக்கியை வாங்குவது நன்று.

செயற்பாடு: உங்கள் வீட்டிலோ பாடசாலைக் கணினி அறையிலோ உள்ள ஒரு கணினியின் முறைவழியாக்கி, நினைவகம், தேக்ககம் ஆகியவற்றின் விபரங்களை எழுதுக. மேலே தரப்பட்ட நான்கு மென்பொருள்களில் எவை அதில் இயங்கும் எனக் காரணங்களுடன் தீர்மானிக்குக. கடைக்குப் போகும் நாளில் அந்தத் தாளையும் கையில் கொண்டு செல்லுங்கள்.