கோமாளி மீன் தொட்டியில் நைட்ரேட்

எங்கள் ஊரான பென்னலூரிலிருந்து கடற்கரைக்குப் போக 40 கிலோமீட்டராவது ஆகும். இங்கே வீட்டில் கோமாளி மீன் வளர்க்க ஆசைப்பட்டால் கடல்நீரை நாமேதான் தயாரிக்க வேண்டும்: லிட்டருக்குச் சுமார் 35 கிராம் மீன்தொட்டி உப்பு. சமையல் உப்பு உதவாது. எந்தக் கம்பெனி உப்பு என்றுதான் பலரும் விசாரிப்பார்கள். நான் கேட்பது எந்தத் தண்ணீர் என்று.

குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட் இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பவளப்பாறைக் கடலில் பொதுவாக 1 மில்லிகிராம்கூட இருக்காது. வயல் உரமும் செப்டிக் டேங்க் கசிவும் இறங்கிய போர்வெல் தண்ணீரில் உப்பைக் கரைத்தால், மீன் விடும் முன்பே நைட்ரேட் ஏறியிருக்கும். ஆர்.ஓ. தண்ணீர் பிடியுங்கள், அதையும் டெஸ்ட் கிட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் தீனியின் வேலை. கழிவும் மிச்சத் தீனியும் அமோனியாவாகும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். 45 சதவீதம் புரதமுள்ள ஒரு கிராம் தீனியில் 72 மில்லிகிராம் நைட்ரஜன். மீன் உடம்பில் தங்குவதைக் கழிக்காமல் கணக்கிட்டால் அது 300 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட். 100 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 3 மில்லிகிராம், அதுவும் ஒரே கிராமுக்கு! குழந்தைகள் கையில் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள்.

புதுத் தொட்டியில் கிட் காட்டும் எண்ணை உடனே நம்பவும் கூடாது. பெரும்பாலான கிட்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகின்றன. ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் எண் பொய்யாக எகிறும். நைட்ரைட் பூஜ்யமாகும்வரை, அதாவது முதல் நாலைந்து வாரம், பொறுங்கள்.

பிறகு தண்ணீர் மாற்றலாம். நைட்ரேட் 80 இருக்கும் தொட்டியில், நைட்ரேட் இல்லாத தண்ணீரால் 20 சதவீதம் மாற்றினால் 64தான் ஆகும். அடுத்த முறை 51. ஊற்றும் தண்ணீரிலேயே 20 இருந்தால் எத்தனை முறை மாற்றினாலும் அதற்குக் கீழே இறங்காது.

நைட்ரேட்டைக் குறைக்க வெளிநாட்டுப் புத்தகங்கள் 'லைவ் ராக்', அதாவது நுண்ணுயிர்கள் வாழும் பவளப்பாறைத் துண்டு, போடச் சொல்லும். நம் நாட்டில் 2001 முதல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். நுண்துளைச் செராமிக் கற்கள் போதும். அவற்றின் உள்ளே ஆக்சிஜன் குறைந்த இடங்களில் வளரும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும். தொட்டியோடு இணைந்த தனித் தடுப்பு வைத்து, நூல்கண்டு போன்ற கீட்டோமார்பா பாசியை விளக்கொளியில் வளர்க்கலாம். அதை அவ்வப்போது வெட்டி வெளியே எடுத்தால்தான் பலன். உள்ளேயே அழுகினால் உறிஞ்சியது திரும்பத் தண்ணீருக்கே வரும்.

நைட்ரேட்டைக் குறைக்கச் சர்க்கரை, வினிகர் சேர்த்துப் பாக்டீரியாவைப் பெருக்குகிறவர்களும் உண்டு. அளவு தப்பினால் ஆக்சிஜன் சட்டென்று இறங்கும், கரண்ட் போன இரவில் இன்னும் மோசம். புதுத் தொட்டிக்கு அது வேண்டாம்.