நற்பணிக்கு வாட்ஸ்அப்: 2015 வெள்ளம் கற்றுத் தந்தவை



‘ஸ்டான்லியில் ஆபரேஷன், ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே தேவை, எல்லா குரூப்புக்கும் அனுப்புங்கள்.’ இப்படி ஒரு செய்தி வராத கைப்பேசி நம் வட்டாரத்தில் இருக்காது. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று எல்லா குரூப்பையும் சுற்றிவிட்டு, சில மாதம் கழித்து அதே செய்தி மறுபடியும் வரும். அதில் தேதி இருக்காது. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், அந்த எண்ணுக்கு அழைப்பு மட்டும் நின்றிருக்காது. இரண்டு முறை இப்படி அழைத்து அலுத்தவர், மூன்றாவது முறை உண்மையிலேயே ஒரு உயிருக்கு ரத்தம் தேவைப்படும்போது செய்தியைத் திறந்தே பார்க்க மாட்டார்.

டிரஸ்ட் நடத்துகிறவர்கள், ஜமாஅத் நிர்வாகிகள், இளைஞர் குழுக்கள் எல்லோரும் இன்று ஃபேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப் குரூப்பும் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் பேர் இருக்கும் குரூப்பில் ஒரு உதவி கேட்டால் நாலு பேர்கூடப் பதில் சொல்வதில்லையே என்பதுதான் பலருடைய குறை. இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், கடலூர் மாவட்டங்கள் வெள்ளத்தில் தவித்தன. அப்போது ஒருவரையொருவர் முன்பின் அறியாத தன்னார்வலர்கள் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் ஒன்று சேர்ந்தார்கள். நடிகர் சித்தார்த்தும் ஆர்.ஜே. பாலாஜியும் தங்களைப் பின்தொடர்ந்தவர்களை நிவாரண வேலைக்குத் திருப்பினார்கள். யாருக்குப் படகு வேண்டும், யாரிடம் உணவு இருக்கிறது, எந்த வீட்டில் எத்தனை பேர் தங்கலாம் என்ற விவரங்களைச் சேர்த்துத் தர ஓர் இணையதளமே உருவானது. பள்ளிவாசல்கள் எல்லா மதத்தவருக்கும் கதவைத் திறந்து சோறு போட்டன. எங்கே போனால் இடம் கிடைக்கும் என்ற செய்தி கைப்பேசி வழியாகவே பலருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அதே நாட்களில் ஒரு சிக்கலும் வந்தது. காலையில் மீட்கப்பட்ட குடும்பத்தின் அபயக்குரல் மாலையிலும் பகிரப்பட்டுக்கொண்டே இருந்தது. வேறு எங்கோ போக வேண்டிய உதவி காலி வீட்டைத் தேடிப் போகும் நிலை. போதாக்குறைக்கு, 250 சென்டிமீட்டர் மழை பெய்யும் என்று நாசா சொன்னதாக ஒரு புரளி, முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக இன்னொரு புரளி. தன்னார்வலர்கள் அனுபவத்தில் ஒரு வழக்கத்தைப் பிடித்தார்கள். வந்த எண்ணுக்கு முதலில் போன் செய்வது, விசாரித்தபின் ‘உறுதி செய்யப்பட்டது’ என்று நேரத்தோடு போடுவது, உதவி போய்ச் சேர்ந்ததும் அதையும் போடுவது. மக்கள் அந்தப் பதிவுகளை நம்பினார்கள்.

ரத்தம் கேட்டாலும் கல்விக் கட்டணம் கேட்டாலும் இதே முறைதான். தேதி, மருத்துவமனை, எத்தனை யூனிட், யாரிடம் பேசுவது, எத்தனை மணிக்குள் என்பதையெல்லாம் எழுதுங்கள். ரத்தம் கிடைத்ததும் ‘கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ், இனி அனுப்ப வேண்டாம்’ என்று அதே குரூப்பில் போடுங்கள். இந்தக் கடைசி வரியைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். பணம் தந்தவர் தன் பணம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள விரும்பமாட்டாரா?

குரூப்பை ‘அட்மின் மட்டும்’ என்று பூட்டிவிட்டு யாரும் பேசுவதில்லை என்று வருந்துவதில் அர்த்தமில்லை. அறிவிப்புக்கு ஒரு குரூப் பூட்டியே இருக்கட்டும். கேள்வி கேட்க ஒரு எண் கொடுங்கள், அதைப் பார்க்க இரண்டு பேரை வையுங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது அவசியம். பிரசவச் செலவுக்கோ, கணவர் கைவிட்ட கஷ்டத்துக்கோ ஒரு சகோதரி யாரோ ஒரு ஆணுக்குச் செய்தி அனுப்பத் தயங்குவார்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ரமலானில் மளிகைப் பொருள் வாங்கும் விதவைத் தாயையும், நோட்டுப் புத்தகம் வாங்கும் பிள்ளையையும் முகம் தெரிய நிற்க வைத்து, பேனருக்குப் பக்கத்தில் நிர்வாகிகளோடு படம் எடுத்துப் போடுகிறோம். அந்தப் படத்தை மறுநாள் பள்ளியில் அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழர்களும் பார்ப்பார்கள். மறைவாகக் கொடுப்பதன் சிறப்பை ஜும்ஆ பயானில் கேட்டுவிட்டு வந்தவர்கள்தானே நாம்? கணக்குக் காட்டப் படம் வேண்டும் என்பார்கள். அடுக்கி வைத்த மூட்டைகள், கடை ரசீது, எத்தனை குடும்பம் என்ற எண்ணிக்கை, அந்த மாத வரவு செலவு ஆகியவை போதும். முகத்தைக் காட்டியே தீர வேண்டுமென்றால் ரத்தம் கொடுத்த இளைஞரைக் கேட்டுவிட்டு அவர் படத்தைப் போடுங்கள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம் என்பதையும் அதன் கீழே எழுதலாம்.

பணம் கேட்கும் பதிவில் இன்னொரு கவனம். க்யூஆர் கோடு உள்ள படத்தை யாரும் மாற்றி அனுப்பிவிட முடியும். எனவே பணம் அனுப்பும்முன் திரையில் என்ன பெயர் வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடிமக்கள். அவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பினால் நிலைமை வேறு. அதை வாங்க டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி இருக்க வேண்டும். பதிவு எந்த நாட்டுக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது என்பதால் இதை முன்பே எழுதிவிடுவது நல்லது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் வடமாநிலச் சகோதரர்கள் பலருக்கு நம் தமிழ்ப் பதிவுகள் புரியாது. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். காவல்துறை மறுப்பு வெளியிட்டது. பீகார் அரசும் ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. அதற்குள் எத்தனையோ வீடுகளில் பயம் புகுந்துவிட்டது. மருத்துவ முகாம் என்றாலும் மழை எச்சரிக்கை என்றாலும், ஒரு நிமிட ஆடியோ இந்தியிலும் வங்காளத்திலும் போடுங்கள். நம் பள்ளியில் தொழும் ஒரு பீகார் சகோதரரையே பேசச் சொல்லுங்கள். அவர் குரல் என்றால் ஷிப்ட் முடிந்து அறைக்கு வரும் தோழர்கள் நின்று கேட்பார்கள், ஊரில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கும் அனுப்பி வைப்பார்கள்.