கால் மைல் பித்து

சாலையில் ஓடுகிற காருக்கு ஆயிரம் வேலை. வளைவில் சாயாமல் திரும்ப வேண்டும், மழையில் வழுக்காமல் நிற்க வேண்டும், பின்சீட்டில் இருக்கும் மாமியாரைக் குலுக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். டிராக் ரேஸ் காருக்கு ஒரே வேலைதான். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர்க்கோட்டில் கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, பக்கத்தில் ஓடும் எதிராளிக்கு முன்பாகக் கடக்க வேண்டும். பிரேக்கின் தேவைகூடக் கோட்டைத் தாண்டிய பிறகுதான். வேகமான கார்கள் அப்போதும் பிரேக்கை மட்டும் நம்பாமல் பின்னால் பாராசூட்டை விரிக்கும்.

அமெரிக்காவில் பிறந்த பந்தயம் இது. அங்கே பெரிய வி8 என்ஜின்கள் தாராளமாகக் கிடைத்தன. 1960-களில் இதில் பித்துப் பிடித்த பிரிட்டிஷ் இளைஞர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காரணம், பழைய வரி ஒன்று. 1940-களின் இறுதிவரை அந்நாட்டில் காருக்கான வரியைச் சிலிண்டரின் விட்டத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். விட்டம் கூடினால் வரி ஏறும். ஆகவே கம்பெனிகள் ஒல்லியான சிலிண்டர்களைச் செய்து, அதற்குள் பிஸ்டனை நெடுந்தூரம் ஏறி இறங்கவிட்டன. ஃபோர்டின் 1172 சிசி என்ஜின் இதற்கு நல்ல உதாரணம். விட்டம் 63.5 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 92.5 மில்லிமீட்டர், சக்தி 30 குதிரைத்திறன். வரி ஒழிந்த பிறகும் அந்த என்ஜின்கள் உடனே ஒழிந்துவிடவில்லை.

அதே என்ஜினைத் தாங்கி 1953 முதல் 1959 வரை விற்ற கார்தான் ஃபோர்டு பாப்புலர். செல்லமாக 'பாப்'. ஜட்கா வண்டிக் கூண்டைப் போல நிமிர்ந்த உடல், மூன்றே கியர், கம்பிகள் இழுக்கும் பிரேக். முழு மூச்சில் ஓட்டினால் மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். இப்படிப்பட்ட வண்டி எப்படிப் பந்தயக்காரர்களின் கண்ணில் பட்டது? முதல் காரணம், அடியில் தனிச் சேஸிஸ் இருந்தது. உடலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அடிச்சட்டத்தை வெட்டலாம், பற்றவைக்கலாம், வேறு என்ஜினை உட்கார வைக்கலாம். இரண்டாவது காரணம், அரசு. 1960-இல் பத்து வயதைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை கட்டாயமானது. 1967-க்குள் மூன்று வயதுக் கார்களே சோதனைக்கு வர வேண்டியதாயிற்று. தேறாத வண்டிகள் காயலான் கடைகளில் குவிந்தன. சம்பளப் பணத்தில் பந்தயக் கார் கட்ட நினைத்தவனுக்கு அதைவிட நல்ல சந்தை எது?

அவன் முதலில் செய்தது கழற்றுவது. சீட்டு, பம்பர், உள்பக்க அலங்காரம் எல்லாம் வெளியே. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு. இரும்புக் கதவுக்குப் பதில் கண்ணாடி இழைக் கதவு. மிச்சமிருக்கும் இரும்பிலும் டிரில் போட்டு ஓட்டைகள். வெறும் வெறியாகத் தோன்றும் இதற்குப் பின்னால் ஒழுங்கான இயற்பியல் இருக்கிறது. என்ஜின் ஒரே சக்தியைத் தொடர்ந்து கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், கால் மைலைக் கடக்கும் நேரம், எடையைச் சக்தியால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தை ஒட்டி மாறும். எடையைப் பாதியாக்கினால் நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சக்தியை இரட்டிப்பாக்கினாலும் அதே பலன்தான். 20 வினாடி ஓடும் காரை 10 வினாடிக்குக் கொண்டுவர, எடைக்கும் சக்திக்கும் உள்ள விகிதத்தை எட்டு மடங்கு திருத்த வேண்டும். சக்தியை விலை கொடுத்து வாங்க வேண்டும். எடையைக் குறைக்க ஒரு ரம்பமும் ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

பிரிட்டனில் டிராக் பந்தயம் வளர்ந்த கதையைப் புத்தகங்கள் சிட்னி ஆலார்டிடமிருந்து தொடங்கும். அதில் நியாயம் உண்டு. தன் பெயரிலேயே கார் கம்பெனி நடத்தியவர். 1952-இல் தான் தயாரித்த காரையே ஓட்டி மான்டி கார்லோ ராலியை வென்றவர். டிராக் பந்தயத்துக்கென்றே கட்டி 1961-இல் அவர் வெளிக்கொணர்ந்த டிராக்ஸ்டர்தான் பிரிட்டனில் அந்த வகையின் முன்னோடி. அதற்கு அமெரிக்கக் கிறைஸ்லர் வி8 என்ஜின். அதன் தலையில் காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர். 1964-இல் டான் கார்லிட்ஸ் உள்ளிட்ட அமெரிக்க வீரர்களை வரவழைத்து, பழைய விமானத் தளங்களில் வரிசையாகப் போட்டிகள் நடத்தியதிலும் அவருக்கு முக்கியப் பங்குண்டு. ஆனாலும் ஆலார்டுக்குப் பட்டறை இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். ஒற்றைக் கார் நிற்கும் கொட்டகையில், தெருவிளக்கு எரியத் தொடங்கிய பிறகு வெல்டிங் போட்டவர்களிடம்தான் என் மனம் போகிறது.

அன்றைய அமெரிக்க டிராக்ஸ்டர்களின் அமைப்பு விசித்திரமானது. நீண்டு மெலிந்த குழாய்ச் சட்டம். முன்னால் மோட்டார் சைக்கிள் சக்கரம் போல் இரண்டு. பின்னால் வரிப்பள்ளமே இல்லாத அகன்ற டயர்கள். ஓட்டுநர் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், இரு பெரிய டயர்களுக்கு இடையில் ஒடுங்கி, கால்களை ஆக்ஸிலின் மேலாக நீட்டி உட்காருவார். என்ஜின் அவர் முகத்துக்கு நேரே. எல்லாம் பிடிமானத்துக்காக. நான்கு சக்கரத்தின் எடையும் பின் டயர்கள் மீதே விழுந்து, டயரின் பிடியும் எடைக்குச் சமமாக இருந்தால், கணக்குப்படி கால் மைலுக்கு 9 வினாடி ஆகும். அதற்குக் கீழே போக, சூடேறி ஒட்டும் டயர் வேண்டும். பந்தயத்துக்கு முன் புகை பறக்க டயரைச் சுழற்றுவது கூட்டத்தைக் குஷிப்படுத்த மட்டுமில்லை. ரப்பரைச் சூடாக்கிப் பிசுபிசுப்பாக்கத்தான்.

இந்த இருக்கையில் ஆபத்தும் அதிகம். கிளட்சும் கியர் பெட்டியும் கால்களுக்கு அருகிலேயே சுழலும். 1970-இல் கலிபோர்னியாவில் கார்லிட்ஸின் காரில் கியர் பெட்டி வெடித்ததில் அவர் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். மறு ஆண்டே என்ஜினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக் கார் கட்டி ஜெயித்தார், மற்றவர்களும் பின்பற்றினார்கள்.

காரைக் கட்டியாயிற்று, ஓட்ட இடம்? இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதைகள் கைகொடுத்தன. தரப்படுத்திய தளமொன்றின் முதன்மை ஓடுபாதை 1.8 கிலோமீட்டர் நீளம், 46 மீட்டர் அகலம். கால் மைல் ஓடி, மூச்சு வாங்கி நிற்கத் தாராளமான இடம். (நம் சோழவரத்தில் ஆண்டுக்கணக்காகப் பந்தயம் நடந்ததும் போர்க்கால ஓடுபாதையில்தான்.) அமெரிக்கர்களின் பி-17 விமானங்கள் கிளம்பிய பாடிங்டன் கிராமத்துத் தளம், 1966 ஈஸ்டரில் 'சாண்டா பாட்' என்ற பெயரில் ஐரோப்பாவின் முதல் நிரந்தர டிராக் பாதையாகத் திறந்தது. பெயரின் முன்பாதி, 1950-இல் பந்தயம் தொடங்கிய கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவிலிருந்து கடன் வாங்கியது. அதே ஏப்ரலில் ஆலார்டு காலமானார்.

எரிபொருளிலும் பந்தயக்காரர்கள் துணிந்தார்கள். நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருளின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால், ஒரே அளவு காற்றில் பெட்ரோலைவிடப் பல மடங்கு எரிக்கலாம். அதே காரணத்தால் என்ஜினையும் சீக்கிரம் எரிக்கலாம். கையில் காசில்லாதவர்கள் புத்திசாலித்தனமாக ஒதுங்கி நின்றார்கள். அவர்களுக்கு உள்ளூரிலேயே சின்னப் புதையல் ஒன்று இருந்தது: டெய்ம்லர் கம்பெனியின் இரண்டரை லிட்டர் வி8. டிரையம்ப் மோட்டார் சைக்கிள்களுக்காகப் புகழ்பெற்ற எட்வர்ட் டர்னர் வடிவமைத்தது. கிறைஸ்லரின் பெரிய என்ஜினில் உள்ளதுபோலவே அரைக்கோள எரி அறைகள். உருவம் மட்டும் சிறியது. கனவான்களின் கார்களுக்காகச் செய்த அந்த என்ஜினுக்குச் சூப்பர்சார்ஜர் மாட்டி, இன்றும் பழைய பாணி டிராக்ஸ்டர்களில் ஓட்டுகிறார்கள்.

இந்த உலகத்திலிருந்து வந்த கார் ஒன்று பெரிய இடத்துக் கணக்கையும் தீர்த்தது. 1927-இல் மால்கம் கேம்ப்பெல் விமான என்ஜின் பொருத்திய காரில் பென்டைன் கடற்கரையில் மணிக்கு 281 கிலோமீட்டர் ஓட்டினார். பிரிட்டிஷ் மண்ணில் அதை 43 ஆண்டுகள் யாரும் முறியடிக்கவில்லை. 1970-இல் எல்விங்டன் ஓடுபாதையில் டோனி டென்ஷம், ஃபோர்டு என்ஜின் கொண்ட டிராக்ஸ்டரில் 334 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அந்தக் காருக்கு 'கம்யூட்டர்', அதாவது தினமும் ஆபீசுக்குப் போய்வருபவர், என்று பெயர் வைத்த குசும்பை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தக் கார்களில் எஞ்சியவையும், அவற்றைப் பார்த்துப் புதிதாகக் கட்டியவையும் இன்றும் கோடைகாலங்களில் சாண்டா பாடுக்கு வருகின்றன. வேகம் ஒத்துவராத கார்கள் மோதவும் வழி உண்டு. ஒவ்வொருவரும் தன் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். 14 வினாடி பாப்புக்கும் 10 வினாடி டிராக்ஸ்டருக்கும் போட்டி என்றால், பாப்புக்கு 4 வினாடி முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். வேண்டுமென்றே மெதுவான நேரத்தை எழுதிச் சலுகை பெறலாமே என்று யாருக்கும் தோன்றும். அதற்கும் மருந்து வைத்திருக்கிறார்கள். 14 என்று எழுதித் தந்துவிட்டு 13.98-இல் ஓடி முடித்தவர், முதலில் கோட்டைத் தொட்டிருந்தாலும் தோற்றவர்தான்.