ஜன்னல் இல்லாத பாத்ரூமா? எக்ஸாஸ்ட் ஃபேன் மாற்றும் முன் இதையெல்லாம் கவனியுங்கள்!

குளித்து முடித்து ஒரு மணி நேரமாகியும் தரை காயவில்லை. சீலிங் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. கதவின் அடிப்பாகம் ஊறிப்போய், மூடும்போது இடிக்கிறது. மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் 'கர்ர்ர்' என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அபார்ட்மென்ட்டில் ஜன்னல் இல்லாத அட்டாச்டு பாத்ரூம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

"ஃபேன் பழசாகிடுச்சு, கொஞ்சம் பெருசா வாங்கி மாட்டிடலாம்" என்று கடைக்குக் கிளம்பிவிடுகிறோம். புது ஃபேன் வந்த பிறகும் ஈரமும் வாடையும் அப்படியே இருந்தால், குறை பெரும்பாலும் ஃபேனில் இல்லை. காற்று போய்வரும் வழியில் இருக்கிறது. உள்ளே வர ஒரு வழி, வெளியேற ஒரு வழி. இரண்டில் ஒன்று அடைத்திருந்தாலும் எவ்வளவு பெரிய ஃபேனும் சும்மாதான் சுற்றும்.

முதலில் ஊதுபத்தி டெஸ்ட்!

பாத்ரூம் கதவைச் சாத்திவிட்டு ஃபேனைப் போடுங்கள். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, ஃபேனுக்குச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். புகை நேராக ஃபேனை நோக்கி ஓட வேண்டும். ஓடவில்லையா? கதவை ஒரு சாண் திறந்து பாருங்கள்.

* கதவைத் திறந்ததும் புகை வேகமாக இழுபட்டால், ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே காற்று வர வழியில்லை என்று அர்த்தம். கதவுக்கும் தரைக்கும் நடுவே அரை இன்ச்சாவது இடைவெளி வேண்டும். அல்லது கதவின் கீழ்ப்பகுதியில் சிறிய கிரில் வைக்கலாம். செலவு அதோடு முடிந்தது.

* திறந்தும் மாற்றம் இல்லையென்றால், மெயின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு இறக்கைகளையும் வெளிப்பக்க ஷட்டரையும் பாருங்கள். தூசியும் பிசுக்கும் சேர்ந்து ஷட்டர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வெளியே புறா கூடு கட்டியிருக்கலாம்.

* சுத்தம் செய்த பிறகும் ஃபேன் மெதுவாகச் சுற்றினால், முனகிக்கொண்டே நின்றால், எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். கண்டன்சர் உள்ள மாடலாக இருந்தால், அதை மட்டும் மாற்றினாலே சரியாகிவிட வாய்ப்புண்டு. மோட்டார் சூடாகிக் கருகல் வாடை வந்தால் மட்டும் யோசிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

உங்கள் பாத்ரூமுக்கு எவ்வளவு காற்று?

எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் 'சி.எம்.ஹெச்' என்று ஓர் எண் இருக்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் காற்றை வெளியேற்றும் என்பதுதான் அது. குளியலறையின் காற்று மணிக்கு 8 முதல் 10 முறை முழுதாக மாறினால் போதும் என்பது பொதுவான கணக்கு.

8 அடி நீளம், 5 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள பாத்ரூமின் கொள்ளளவு 320 கன அடி. இதை 35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 கன மீட்டர். 10 முறை மாற, 90 சி.எம்.ஹெச் தேவை. வெளிச்சுவரில் நேரடியாக மாட்டுவதென்றால் 6 இன்ச் ஃபேனே இதற்குத் தாராளம். 10 இன்ச், 12 இன்ச் என்று போகத் தேவையில்லை.

காற்று எங்கே போகிறது?

கவனம் தேவைப்படும் இடம் இதுதான். பெட்டியில் போட்டிருக்கும் எண், தடையே இல்லாத திறந்தவெளிக்கானது.

* நேரடியாக வெளிச்சுவர்: சாதாரண பிளாஸ்டிக் ஃபேன் போதும்.

* பொது ஷாஃப்ட்: ஃபேன் நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் ஷட்டர் அவசியம். இல்லையென்றால் பக்கத்து வீட்டு வாடை உங்கள் வீட்டுக்கு வரும். மழைக்காகவோ புறாவுக்காகவோ ஷாஃப்ட்டின் உச்சியை ஷீட் போட்டு அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அடைத்திருந்தால் முதலில் பேச வேண்டியது அசோசியேஷனிடம்.

* நீளமான பைப் வழியாக: விசிறி மாதிரி சுற்றும் சாதாரண ஃபேனால் பைப்பின் தடையை மீறித் தள்ள முடியாது. 'இன்லைன் டக்ட் ஃபேன்' என்று கேட்டு வாங்குங்கள். பைப் குட்டையாகவும், வளைவுகள் குறைவாகவும், நீராவி தண்ணீராக மாறினால் வெளியே வடிகிற மாதிரி லேசான சரிவோடும் இருக்கட்டும்.

ஃபால்ஸ் சீலிங்குக்குள் காற்றை விட்டுவிட்டு 'எக்ஸாஸ்ட் போட்டாச்சு' என்று சொல்பவர்களிடம் ஜாக்கிரதை. ஈரம் எங்கும் போகாது. சீலிங்குக்கு மேலே பூஞ்சை வளர்க்கும்.

கேஸ் கீஸர் வேண்டவே வேண்டாம்

"எக்ஸாஸ்ட் ஃபேன்தான் இருக்கே" என்ற தைரியத்தில் ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள் கேஸ் கீஸர் வைப்பது உயிருக்கே ஆபத்து. காற்றோட்டம் குறைந்த இடத்தில் கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உருவாகும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று ஆரம்பித்து, கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் மயங்கச் செய்துவிடும். கரன்ட் போனால் ஃபேன் நிற்கும், கீஸர் எரிந்துகொண்டே இருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். கீஸரைத் தகுதியான ஆளை வைத்து வெளியே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். அதுவரை பயன்படுத்தாதீர்கள்.

கேஸ் கசியும் வாடை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஸ்விட்ச்சைத் தொடவே கூடாது. சிறு பொறி போதும். எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

கடைக்குப் போகும் முன்...

* சுவரில் உள்ள ஓட்டையின் நீள, அகலத்தையும் சுவரின் தடிமனையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 6 இன்ச் என்பது இறக்கையின் அளவு. தேவைப்படும் ஓட்டையின் அளவு பெட்டியில் தனியாக இருக்கும்.

* பழைய ஃபேனை முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

* சத்தம் தொந்தரவு என்றால், ஒரே அளவு காற்று தரும் மாடல்களில் வேகம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

* ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

குளித்து முடித்ததும் ஃபேனை அணைக்காமல் இன்னும் 20 நிமிடங்கள் ஓட விடுங்கள். கரன்ட் பில்லை நினைத்துப் பயப்பட வேண்டாம். 30 வாட் ஃபேன் தினமும் 1 மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு 1 யூனிட்கூட ஆகாது. தரை சீக்கிரம் காய்ந்தால், வீட்டிலுள்ள பெரியவர்கள் வழுக்கி விழும் பயமும் குறையும்.