நான்கு மீட்டருக்கு ஆறு மில்லிமீட்டர் குறைவு

அந்தமானின் ஜங்லிகாட்டில் இரவு முழுக்க மழையில் நின்ற காரைக் காலையில் எடுப்பவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போயிருக்கும். முதல் தடவை பிரேக்கை மிதிக்கும்போது முன்சக்கரத்திலிருந்து 'கரக்' என்று ஓர் உரசல். குனிந்து சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால், நேற்று மாலை வெள்ளிபோலப் பளபளத்த பிரேக் தட்டின்மேல் மிளகாய்த்தூளைத் தூவிய மாதிரி ஒரு படலம். ஒரே ராத்திரியில் பிடித்த துரு. பத்து மீட்டர் உருட்டி இரண்டு முறை பிரேக் பிடித்தால் பட்டைகள் அதைத் தேய்த்துத் துடைத்துவிடும். ஆனால் காரில் தேய்த்துத் துடைக்க ஆளில்லாத இடங்கள்தான் அதிகம்.

'பட்ஜெட்டுக்குள்ள ஒரு குட்டி எஸ்யூவி, எது வாங்கலாம்?' என்று இந்த ஊரில் யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சிவப்புத் தூள்தான். மெயின்லேண்டில் எழுதப்படும் விமர்சனங்களைப் படித்தால் திரை எத்தனை அங்குலம், மைலேஜ் எவ்வளவு என்பதோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது. அதே வண்டி சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடல் தாண்டி இங்கே இறங்கியதும் அதன் நிறைகுறைகள் இடம் மாறிக்கொள்கின்றன.

முதலில் இந்தக் குட்டி எஸ்யூவி எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடலாம். 2006 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் எது? நீளம் 4000 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. இன்ஜின் பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வரியின் பெயர் மாறிவிட்டது, விகிதம் பலமுறை மாறிவிட்டது. அந்த நான்கு மீட்டர் கோடு மட்டும் அழியவே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், கோட்டுக்கு உள்ளே இருக்கும் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளியே போனால் 40. பிறகு எந்தக் கம்பெனிதான் ஸ்கேலைக் கையில் எடுக்காமல் இருக்கும்? 2013-இல் மறைமலைநகரில் தயாராகி வந்து இந்த வகையைப் பிரபலமாக்கிய ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் நீளம் 3999 மில்லிமீட்டர். 2020 டிசம்பரில் 4.99 லட்சம் ரூபாய் என்ற அறிமுக விலையோடு ஒரகடத்திலிருந்து வந்த நிசான் மேக்னைட்டின் நீளம் 3994. ஆறு மில்லிமீட்டர்தான் மிச்சம்.

ஆக, இந்த வண்டியின் உருவத்தை வரைந்ததில் வடிவமைப்பாளருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு வரி அதிகாரிக்கும் உண்டு. நீளத்தில் வளர முடியாததால் உயரத்தில் வளர்ந்தது. எஸ்யூவி என்ற பெயரைப் பார்த்து ஜீப்பின் தம்பி என்று நினைத்துவிடக்கூடாது. பழைய ஜீப்புக்கு அடியில் ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் உடல். இதற்கு அந்தச் சட்டமே கிடையாது. தகடுகளை மடித்துப் பற்றவைத்து உடலையே சட்டமாக்கியிருக்கிறார்கள். எடை குறைகிறது, மேக்னைட் ஒரு டன்னுக்கு முன்பின்தான். சாதாரண ஹேட்ச்பேக் காரைத் தூக்கி நிறுத்தி, பெரிய சக்கரம் போட்டு, முகத்தை முரட்டுத்தனமாக்கினால் கிடைப்பது இதுதான். இழுப்பது முன்சக்கரங்கள் இரண்டு மட்டுமே. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வசதி இந்த விலையில் எதிலும் இல்லை.

அது இல்லாததை எங்கே உணர்வீர்கள் என்றால், மேட்டில். ஜங்லிகாட்டின் மீன் இறங்குதுறை கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் சற்று நேரத்தில் சாலை மூக்கைத் தூக்கும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேர் முழுக்கவே மேடும் பள்ளமும்தான். எட்டடிக்கு ஓரடி உயரும் ஒரு சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறிய வண்டி 1400 கிலோ என்று வைத்தால், புவியீர்ப்பு அதில் எட்டில் ஒரு பங்கை, அதாவது 175 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொண்டு பின்னால் இழுக்கிறது. வண்டி அசைவதற்கு முன்பே இரண்டரை ஆள் பின்பக்கம் தொங்குகிற கணக்கு.

இங்கேதான் குதிரைத்திறனை விட்டுவிட்டு டார்க் என்கிற முறுக்குவிசையைப் பார்க்க வேண்டும். குதிரைத்திறன் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதைச் சொல்லும். முறுக்குவிசை, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு பலமாகத் தள்ளும் என்பதை. மேக்னைட்டின் விலை குறைந்த வகையில் மூன்று சிலிண்டர், 999 சிசி, டர்போ இல்லாத இன்ஜின். 72 குதிரைத்திறன், 96 நியூட்டன் மீட்டர். சமதரையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏசியைப் போட்டு நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டின் நடுவில் ஆட்டோவுக்காக ஒருமுறை நின்றுவிட்டால், இரண்டாம் கியர் திணறும், முதல் கியருக்கு இறங்கி இன்ஜினை அலறவிட்டுத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். அதே அளவு இன்ஜினில் டர்போ பூட்டிய வகை 100 குதிரைத்திறனும் 160 நியூட்டன் மீட்டரும் தருகிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னக் காற்றாடியைச் சுழற்றி, அது கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் திணிக்க, கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் எரிகிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. அந்தக் காற்றாடி நிமிடத்துக்கு லட்சத்துக்கு மேல் சுற்றக்கூடியது. அதன் உயிர் இன்ஜின் ஆயில் கையில். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிற வழக்கமுள்ளவர்கள் டர்போ பக்கமே போகாமலிருப்பது நல்லது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவை 1200 சிசி வண்டிகள். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் எக்ஸ்டரில் நாலு சிலிண்டர், 83 குதிரைத்திறன், சுமார் 114 நியூட்டன் மீட்டர். மூன்று சிலிண்டர் இன்ஜின் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு மெல்லிய நடுக்கம் தெரியும். பிஸ்டன்கள் மூன்று என்பதால் ஒரு முனை மேலே எழும்ப மறுமுனை கீழே அழுத்த, முழு இன்ஜினும் ஊஞ்சல் மாதிரி ஆடப் பார்க்கும். நாலு சிலிண்டரில் அந்த ஆட்டம் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகிறது. ஆனால் ஒரு சிலிண்டர் குறைந்தால் உரசும் பாகமும் செலவும் குறையும். விலை மலிவாக இருக்கிறதென்றால் எங்கேயோ ஒரு பிஸ்டனைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்!

கிளட்ச் மிதிக்க அலுப்பாக இருக்கிறது என்று, தானே கியர் மாற்றும் ஏஎம்டி வண்டி வாங்குகிறவர்கள் மேட்டில் ஒருமுறை யோசிக்க வேண்டும். அது சாதாரண கியர்பெட்டிதான். நம் இடது காலின் வேலையை ஒரு மோட்டார் செய்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைப்பதற்குள் வண்டி அரையடி பின்னால் நழுவப் பார்க்கும். மேட்டில் கிளம்பும்போது பிரேக்கை ஓரிரு நொடி பிடித்துவைக்கும் வசதி இருந்தால் பயமில்லை. இந்த ஊரில் சன்ரூஃபைவிட அதற்குத்தான் காசு கொடுப்பேன். மழை வருடத்துக்கு 3000 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதைப்போல இருமடங்கு. கூரையில் கண்ணாடி வைத்து எதைப் பார்க்க?

தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதில் இந்த வண்டிகள் உண்மையிலேயே ஜெயிக்கின்றன. மேக்னைட்டுக்கு 205 மில்லிமீட்டர், எக்ஸ்டருக்கு 185. விளம்பரத்தில் காட்டுகிற காட்டாறும் பாறையும் இங்கே யாருக்கும் தேவைப்படுவதில்லை. சாத்தமிலிருந்து பாம்பூஃப்ளாட்டுக்கும், ஏ.டி.ஆர். எனப்படும் அந்தமான் ட்ரங்க் ரோட்டில் மிடில் ஸ்ட்ரெய்ட்டிலிருந்து பாராடாங்குக்கும் காரை ஏற்றிப்போகும் வெஹிக்கிள் ஃபெர்ரிதான் அதற்கான பரீட்சை. படகின் வாயிலிருந்து இறங்கும் இரும்புப் பலகை கரையில் படியும் கோணம் அலையேற்றத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். நீர் வற்றிய நேரத்தில் பலகையும் சிமென்ட் சரிவும் கூடும் இடத்தில் கூர்மையான ஒரு முதுகு எழும்பி நிற்கும். முன்சக்கரம் தாண்டியிருக்கும், பின்சக்கரம் தாண்டியிருக்காது, நடு வயிறு தட்டும். சக்கரங்களுக்கு இடையே 2500 மில்லிமீட்டர், வயிற்றுயரம் 205 என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய பதினெட்டரை டிகிரி முதுகைத் தட்டாமல் தாண்டலாம். 165 உயரமுள்ள சாதாரண ஹேட்ச்பேக்குக்கு அது 15 டிகிரிதான். மூன்றரை டிகிரி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். சைலன்சர் உரசும் ஓசையைக் கேட்டவர்களுக்குத் தெரியும். கம்பெனி சொல்லும் உயரம் பெரும்பாலும் காலி வண்டிக்கானது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கி ஓரிரு விரல் குறையும். அதனால்தான் ஃபெர்ரியில் ஏறுமுன் ஓட்டுநரைத் தவிர எல்லோரும் இறங்கிக்கொள்வது காருக்கும் நல்லது.

மைலேஜ் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பெட்ரோல் விலை நாட்டிலேயே மிகக் குறைந்த இடங்களில் அந்தமானும் ஒன்று. விற்பனை வரி சொற்பம் என்பதால் சென்னையில் நூறைத் தாண்டிய பிறகும் இங்கே 82 ரூபாய்ச் சொச்சம். தூரமும் குறைவு. ஏ.டி.ஆர்.-இல் ஜிர்காடாங்கில், வண்டிகள் வரிசையாகப் போகும் கன்வாயில் சேர்ந்தால் ஜாரவா பழங்குடிக் காப்பகம் முழுக்க மணிக்கு 40 கிலோமீட்டர்தான், முந்தவும் கூடாது. அங்கே நூறு குதிரையும் எழுபது குதிரையும் ஒரே வரிசையில் நடக்கும்.

உப்புதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவது எல்லா வீட்டிலும் நடப்பது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். இந்த ஊரின் காற்றில் வருடத்தின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேல்தான் ஈரம். கடற்காற்று கொண்டுவந்து ஒட்டிய உப்பு காருக்கு அடியில் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. இரும்புக்கு அது இடைவிடாத உப்புக் குளியல். போதாததற்கு இறங்குதுறை ரோட்டில் மீன் பெட்டிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர். சக்கரம் அதை அள்ளி வயிற்றில் பூசும்.

தொழிற்சாலையில் காரின் உடலை முழுதாகப் பெயின்ட் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மின்னேற்றம் பெற்ற பெயின்ட் துகள்கள் கைபோகாத இடுக்குகளுக்குள்ளும் சென்று படிகின்றன. தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத படலம், ஆனால் பழைய அம்பாசடர்களுக்கு இல்லாத கவசம். அதைத் தாண்டி உப்பு நுழைவது கல் தெறித்த சக்கர வளைவில், கதவின் கீழ் மடிப்பில், வெல்டிங் கூடும் ஓரத்தில். சைலன்சர் மட்டும் உள்ளிருந்தும் அரிக்கும். பெட்ரோல் எரியும்போது நீராவியும் வருகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் அபர்டீன் பஜார் வரை போய் வண்டியை அணைத்தால் குழாய் முழுதாகச் சூடாகாமல் அந்த நீர் உள்ளேயே தங்கிவிடும். தினமும் கொஞ்சதூரம் ஓட்டும் ஊர்களின் சாபம் இது.

நான் முதலில் நம்ப மறுத்த ஒன்று: கூரைக்கடியில் நிறுத்துகிற கார் திறந்தவெளிக் காரைவிடச் சில இடங்களில் சீக்கிரம் துருப்பிடிக்கும். மழை, கூரையிலும் கதவிலும் உள்ள உப்பைக் கழுவிவிடுகிறது. நிழலில் நிற்கும் வண்டியில் உப்பு வருகிறது, போவதில்லை. மழை எட்டாத அடிவயிற்றுக்கு இரண்டு வண்டியிலும் நன்னீர் பீய்ச்சத்தான் வேண்டும். தனிக்காரி அணையில் நீர் குறைந்து, குழாய்த் தண்ணீரை நாள் விட்டு நாள் எதிர்பார்க்கும் கோடையில் அதைச் செய்யச் சொல்ல எனக்கே கூச்சம். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வாரம் ஒருமுறை அடியில் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், கெட்டிக்காரர்கள். 2004 சுனாமியின்போது நிலம் தாழ்ந்துபோன சிப்பிகாட் பக்கம் கடல்நீர் நிற்கும் பாதையில் போய்வந்தால் வாரம்வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே கழுவிவிட வேண்டும்.

மெக்கானிக் ஒருவரிடம் எந்த வண்டி நல்லது என்று கேட்டேன். "பார்ட்ஸ் ஊர்ல இருக்கிற வண்டி எடுங்கண்ணே" என்றார், நிமிராமலே. அவர் சொன்னதன் அருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது. என் பழைய கார் ஒன்றின் பக்கக் கண்ணாடி உடைந்து, புதிது கப்பலில் வர ஐந்து வாரம் ஆனது. அதுவரை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை டேப் போட்டு ஒட்டி ஓட்டினேன். அதனால் எந்தக் கம்பெனிக்கு இங்கே பணிமனை இருக்கிறது, பிரேக் பட்டை, கிளட்ச், பேரிங் கையிருப்பில் உண்டா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். 2024 அக்டோபரில் புதுப்பிக்கப்பட்ட மேக்னைட்டின் எல்லா வகையிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது; ஐந்தாறு வருடத்துக்கு முன் இந்த விலையில் நினைத்தும் பார்த்திருக்க முடியாது. அந்த ஏர்பேக்கின் சென்சார் கெட்டால் அதுவும் கப்பலில்தான் வர வேண்டும்.

டெஸ்ட் டிரைவுக்கு வண்டி தரும்போது விற்பனைப் பையன் பெரும்பாலும் சமதரைச் சாலையில் ஒரு சுற்று கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டுவிடுவார். வீட்டு ஆட்கள் நாலு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஏசியைப் போடுங்கள். ஜங்லிகாட் மேட்டில் பாதி ஏறியதும் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, அங்கிருந்து கிளப்பிப் பாருங்கள். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.