உஷார்! மினி டிராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்... இதைப் படிக்கும்வரை!

"24 ஹெச்.பி. சார், எல்லா வேலையும் பார்க்கும்" என்று ஷோரூமில் சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்! அது இன்ஜினின் சக்தி. ரொட்டவேட்டரைச் சுழற்றுவது, வண்டியின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்துசேரும் சக்தி. கியர் பெட்டியைத் தாண்டி வருவதற்குள் இன்ஜின் சக்தி குறைந்துவிடும்.

ரொட்டவேட்டரின் அகலத்தில் அடிக்குச் சுமார் 5 பி.டி.ஓ. ஹெச்.பி. என்பது பொதுவான கணக்கு. 4 அடிக்கு 20 வேண்டும். 15 ஹெச்.பி. வண்டியில் அதை மாட்டிக் கரிசலில் இறக்கினால் இன்ஜின் திணறும், கிளட்ச் தேயும். சரி, சின்ன ரொட்டவேட்டர் போதும் என்றால், அது டயர் தடத்தை முழுதாக மூட வேண்டும். மூடாவிட்டால் உழுத மண்ணிலேயே இரண்டு கோடுகள் இறுகிக் கிடக்கும்.

இன்ஜினிலும் ஏமாறாதீர்கள். ஒற்றை சிலிண்டர் வண்டி விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. செம்மண் தோட்டத்தில் களையெடுக்க, மருந்தடிக்க அது தாராளம். நாள் முழுக்க ரொட்டவேட்டர் ஓட்டுபவருக்கோ அதிர்வில் இடுப்பு போய்விடும். அவர் மூன்று சிலிண்டர் பார்ப்பதே நல்லது. ஒரே ஹெச்.பி. போட்ட இரண்டு வண்டிகளில் டார்க் (முறுக்கு விசை) எதில் அதிகம், அது எத்தனை ஆர்.பி.எம்.மில் கிடைக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். சேற்றுழவு செய்பவர்கள் நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டியை நம்பி இறங்க வேண்டாம். வாழைக்குள் ஓட்டுபவர்கள் ஒரு டயரின் வெளி விளிம்பிலிருந்து மறு டயரின் வெளி விளிம்பு வரை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

உயிருக்கே ஆபத்தான விஷயம் இனிமேல்தான்! மினி டிராக்டர்களில் பெரும்பாலானவற்றின் எடை ஒரு டன்னைச் சுற்றித்தான். அதன் பின்னால் மூன்று டன் கரும்பு டிரெய்லரைக் கட்டினால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது, டிரெய்லர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கச் சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே மாட்டினால், முன் சக்கரம் தூக்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் டிராக்டர் ஓட்டுநர் மேலேயே மல்லாந்துவிடும். கீழே இருக்கும் டிராபாரில் (இழுவைக் கம்பி) தவிர வேறெங்கும் மாட்டவே கூடாது. ஓட்டுநரைக் காக்கும் பாதுகாப்புக் கம்பி வைத்த மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அந்த மாடலில் சீட் பெல்ட்டும் போடுங்கள்.

மானியம் கிடைக்கிறது என்பதற்காக வண்டியின் அளவை முடிவு செய்யாதீர்கள். சோதனை அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசு நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பி.டி.ஓ. சக்தி, இழுவைத் திறன் எல்லாம் அதில் இருக்கும். டீலரிடம் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பிறகு உங்கள் மண்ணில், உங்கள் ரொட்டவேட்டரை மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்!