செண்பகனூர் குச்சிப்பூச்சி

இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பள்ளி வகுப்பறைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பூச்சியை வளர்ப்பது பல காலப் பழக்கம். உள்ளே ஐவி கொடியோ ரோஜா இலையோ போட்டிருப்பார்கள். காய்ந்த காம்பு என்று நினைத்தது மெல்ல ஆடி நடக்கும். அங்கே பிள்ளைகளுக்கு அது ‘இந்தியக் குச்சிப்பூச்சி’. அதன் சொந்த ஊர் கொடைக்கானலை ஒட்டிய நம் செண்பகனூர்!

அங்கே சேகரித்த பூச்சிகளைக் கொண்டுதான், 1901-ல் பிரெஞ்சு ஆய்வாளர் தெ சினெட்டி இந்த இனத்தை அறிவியல் உலகுக்கு விவரித்தார். காராசியஸ் மோரோசஸ் என்பது அறிவியல் பெயர். நம் மலைப் பூச்சி நமக்கே தெரியாமல் போனது பெரிய குறை.

உலகில் 3,000-க்கும் மேற்பட்ட குச்சிப்பூச்சி இனங்கள் உள்ளன. சீனாவில் 60 சென்டிமீட்டரைத் தாண்டும் ராட்சத இனமும் உண்டு. நம்முடையது விரல் நீளம்தான். இறக்கை கிடையாது. தொட்டால் கால்களை உடம்போடு ஒட்டிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். மேலும் சீண்டினால் முன்னங்கால்களை விரிக்கும். தொடையடியில் பளிச்சென்று சிவப்பு தெரியும். இளம் பூச்சிக்குக் கால் ஒடிந்தால், தோலுரிக்கும்போது புதுக்கால் முளைக்கிறது.

இது உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம், ஆண் துணை இல்லாமலே பெண் முட்டையிடுவதுதான். குஞ்சுகளும் பெண்களே, ஆண் பிறப்பது அபூர்வம். ஒரே ஒரு பூச்சி போதும், ஒரு கூட்டமே உருவாகிவிடும். முட்டை கடுகைவிடச் சற்றுப் பெரிது, தலையில் சின்னக் குமிழ். பல குச்சிப்பூச்சி இனங்களின் முட்டைகளை இந்தக் குமிழுக்காகவே எறும்புகள் புற்றுக்குள் இழுத்துப்போகின்றன. குமிழைத் தின்றுவிட்டு முட்டையை விட்டுவிடும். மண்ணுக்கடியில் முட்டை பத்திரமாக இருக்கும்.

ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இதன் நடையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஆறு கால்களுக்கும் ஒரே இடத்திலிருந்து உத்தரவு வருவதில்லை. ஒவ்வொரு காலும் பக்கத்துக் காலின் நிலையை அறிந்து, எப்போது தூக்குவது, எப்போது ஊன்றுவது என்று தானே முடிவு செய்கிறது. ஆறுகால் ரோபோக்களுக்கு இந்த நடையே பாடமானது.

நம் பள்ளிப் பாடத்திலும் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம். கொடைக்கானல் போகிறவர்கள், இருட்டிய பிறகு தங்கும் விடுதியின் செடிகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். இரவில்தான் இது இலை தின்ன வெளியே வரும். கண்ணில் பட்டால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பிடித்துக்கொண்டு வராதீர்கள்.